ஊசி தொடங்கும் முன்பே ஒரு சோதனை: மருந்தால் நாயின் கிட்னி கெடுவதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ரத்தத்தில் கிரியாட்டினின் (தசையில் உண்டாகி, கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 1.2. லேப் தாளில் அந்த எண்ணுக்கு எதிரே எந்தக் குறியும் இருக்காது. நார்மல் எல்லைக்குள் இருக்கிறது என்றுதான் தாள் சொல்லும். ஐந்து நாளாக ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் ஒரு நாயின் தாள் இது என்றால், "கிட்னி நல்லா இருக்கு, ஊசியைத் தொடரலாம்" என்று முடிவெடுப்பது எளிது. ஊசி தொடங்கும் முன் அதே நாய்க்கு 0.7 இருந்திருந்தால் கதையே வேறு. கிரியாட்டினின் 0.7-லிருந்து 1.2-க்கு ஏறியிருக்கிறது என்றால், கிட்னியின் வடிகட்டும் திறனில் ஏறத்தாழ 40 சதவீதம் போய்விட்டது. மருந்தின் வேகத்தில் எண் இன்னும் ஏறிக்கொண்டிருப்பதால் உண்மையான இழப்பு அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். முதல் தாள் இல்லாவிட்டால் இது எதுவும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நாய் வளர்ப்போருக்கும், சிறிய கிளினிக் நடத்தும் கால்நடை மருத்துவர்களுக்கும் எட்டுகிற சோதனைகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எது சிறந்த சோதனை என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. எந்த மருந்து, கிட்னியின் எந்த இடத்தைத் தாக்குகிறது, எத்தனை நாள் கொடுக்கப்போகிறோம் என்பதை வைத்துத்தான் சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மருந்து எங்கே தாக்குகிறது?

ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் வடிகட்டியைத் தாண்டி வந்து, கிட்னிக்குள் இருக்கும் நுண்குழாயின் முதல் பகுதியில் உட்சுவர் செல்களுக்குள் புகுந்து சேர்ந்துவிடும். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அந்தச் செல்களில் தேங்கி நிற்கும். செல் கெடுவது முதல் சில நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதோ பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டித்தான். இந்த வகைப் பாதிப்பில் சிறுநீர் நின்றுபோவதும் அரிது. நாய் நிறையவே சிறுநீர் கழிக்கும், அது தண்ணீர் மாதிரி வெளுத்திருக்கும். "நல்லா ஒண்ணுக்குப் போகுது" என்பதை ஆறுதலாக எடுத்துக்கொண்டால் அங்கேயே ஏமாந்துவிடுவோம்.

ஒரு நாளைய அளவை இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் கிட்னிக்கு இதமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. நுண்குழாய்ச் செல்கள் ஒரு நேரத்தில் ஓரளவு மருந்தைத்தான் உள்ளே இழுக்க முடியும். நாள் ஒன்றுக்கு ஒரே ஊசியாகப் போட்டால் மீதி மருந்து சிறுநீரில் வெளியேறி, அடுத்த ஊசிக்குள் ரத்தத்தில் அளவு நன்றாக இறங்கிவிடும். பிரித்துப் போட்டால் செல்லுக்குள் நாள் முழுக்க மருந்து ஏறிக்கொண்டே இருக்கும்.

மெலோக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேறு வழியில் கெடுக்கின்றன. நாயின் உடலில் நீர் குறையும்போதோ ரத்த அழுத்தம் இறங்கும்போதோ, கிட்னிக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்ணிய குழாயைத் திறந்து வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள். வலி மாத்திரை அவற்றின் உற்பத்தியைத் தடுத்துவிடுகிறது. நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்கும் நாய்க்கு ஒன்றும் ஆகாத அதே அளவு, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கட்டிக்கிடந்து இரண்டு நாள் வாந்தி எடுத்த நாய்க்குக் கிட்னியைச் சாய்த்துவிடும். கூடவே இதயத்துக்காக எனலாப்ரிலோ, சிறுநீரைக் கூட்டும் ஃப்ரூஸமைடோ ஓடிக்கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இங்கே செல் உடைவதற்கு முன்பே வடிகட்டும் வேகம் குறைந்துவிடும். ஆகவே செல் உடைவதைக் காட்டும் சிறுநீர்ச் சோதனைகளைவிட, வடிகட்டும் திறனைக் காட்டும் ரத்தச் சோதனைகளே இதற்குப் பொருத்தம்.

உண்ணிக் காய்ச்சலுக்குப் போடும் இமிடோகார்ப் அளவு மீறினால் நுண்குழாய்களைக் கெடுக்கும். ஆனால் அங்கே மருந்தைவிட நோயே முந்திக்கொள்வதும் உண்டு.

கிரியாட்டினின்: மலிவு, எளிது, தாமதம்

எந்த ஊர் மனித லேபிலும் சில நூறு ரூபாய்க்குள் முடியும் சோதனை இது. கிட்னியின் வேலை ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே கிரியாட்டினின் நார்மல் எல்லையைத் தாண்டும் என்பது இதன் மேல் உள்ள பழைய குற்றச்சாட்டு. அச்சிட்ட எல்லையோடு மட்டும் ஒப்பிட்டால் அந்தக் குற்றச்சாட்டு சரி. நாயின் சொந்த முதல் எண்ணோடு ஒப்பிட்டால் கிரியாட்டினின் வெகுவாக முன்னாலேயே பேச ஆரம்பித்துவிடும். ஐரிஸ் என்ற சர்வதேச கிட்னி நிபுணர் குழு நாய்களின் திடீர்க் கிட்னிப் பாதிப்புக்கு வகுத்த தரவரிசையில், முதல் தரத்தில் கிரியாட்டினின் 1.6-க்குக் கீழேயே இருக்கலாம்; 48 மணி நேரத்துக்குள் 0.3 மி.கி. ஏறியிருந்தாலே கணக்கு. 0.8 இருந்தது 1.1 ஆனாலே எச்சரிக்கை என்று அர்த்தம்.

இந்த 0.3-ஐ நம்ப வேண்டுமானால் மற்ற காரணங்களை ஒழிக்க வேண்டும். இரண்டு சோதனையும் ஒரே லேபில், ஒரே இயந்திரத்தில் நடக்க வேண்டும். காலை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். முந்தின இரவு கறிக்கழிவோ பிரியாணி எலும்போ போட்டிருந்தால் கிரியாட்டினினும் யூரியாவும் தற்காலிகமாக ஏறும். ரத்தம் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். மஞ்சள் காமாலை உள்ள நாயின் மாதிரியில், பெரும்பாலான லேப்கள் செய்யும் ஜாஃபி என்ற வேதிவினை முறை கிரியாட்டினினைக் குறைத்துக் காட்டக்கூடும். சில செஃபலோஸ்போரின் மருந்துகள் அதே முறையில் கூட்டிக் காட்டும். லேப்காரரிடம் "ஜாஃபியா, என்சைமா?" என்று ஒரு கேள்வி கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நம் பக்கத்து நாய்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிரேஹவுண்டு போன்ற மெலிந்து தசை முறுக்கிய வேட்டை இனங்களுக்குக் கிரியாட்டினின் இயல்பிலேயே சற்று உயரம். சிப்பிப்பாறையும் கன்னியும் அதே உடல்வாகு. ஒரு சிப்பிப்பாறைக்கு 1.5 வந்தால் அது நோயா இயல்பா என்று பொதுவான எல்லையை வைத்துச் சொல்ல முடியாது. தசையே இல்லாத இரண்டு மாதக் குட்டிக்கு நிலைமை நேர் எதிர்: அதற்கு 0.4 தான் இயல்பு என்றால், 0.8 என்பது இரு மடங்கு. லேப் தாளோ அதையும் நார்மல் என்றே காட்டும். நல்ல நாளிலேயே, தடுப்பூசி போடப் போகும்போதே, ஒரு கிரியாட்டினின் எடுத்து ஊசி அட்டையின் பின்பக்கம் தேதியோடு எழுதி வைத்துவிட்டால் பிற்காலத்தில் அதன் மதிப்பு பெரிது.

யூரியாவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தனியாக அதை நம்பக்கூடாது. வலி மாத்திரையால் குடலில் ரத்தக் கசிவு இருந்தாலே ஏறிவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சில லேப்கள் யூரியா என்றும் சில யூரியா நைட்ரஜன் என்றும் தருகின்றன. நைட்ரஜன் எண்ணை 2.14-ஆல் பெருக்கினால்தான் யூரியா. லேப் மாற்றியதால் 20 என்பது 43 ஆனதைப் பார்த்துப் பதறியவர்களும் உண்டு, 43 என்பது 20 ஆனதைப் பார்த்து நிம்மதியடைந்தவர்களும் உண்டு.

எஸ்.டி.எம்.ஏ.: எப்போது காசுக்குத் தகும்?

2015-இல் கால்நடை மருத்துவத்தில் புழக்கத்துக்கு வந்த ரத்தச் சோதனை இது. சராசரியாக 40 சதவீதம் கிட்னி வேலை குறைந்ததுமே 14 மைக்ரோகிராம் எல்லையைத் தாண்டிவிடும். தசை அளவு இதைப் பாதிப்பதில்லை. வயதாகித் தொடை வற்றிப்போன லாப்ரடாருக்குக் கிரியாட்டினின் பொய்யாகக் குறைந்து நிற்கும், அங்கே எஸ்.டி.எம்.ஏ. உண்மையைச் சொல்லும். மாதக்கணக்கில் வலி மாத்திரை கொடுக்கப்போகும் கிழ நாய்க்கு, தொடங்கும் முன் ஒரு முறை இதற்குச் செலவு செய்வது நியாயமே.

ஆனால் ஐந்து, ஏழு நாள் ஊசிக்கு இதை நம்பிக் காத்திருப்பதில் பெரிய லாபமில்லை. இதுவும் வடிகட்டும் வேகத்தைத்தான் காட்டுகிறது. செல் உடைவதைக் காட்டுவதில்லை. கிட்னி மெல்ல மெல்லப் போகும் நோயில் கிரியாட்டினினை விட மாதக்கணக்கில் முந்திக்கொள்ளும் இது, திடீரென்று விழும்போது கிரியாட்டினினோடு ஏறக்குறைய சேர்ந்தே ஏறும். மாதிரி வெளியூர் போய் முடிவு வர நாளாகிறது என்றால், முடிவு கைக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு ஊசி போய்விட்டிருக்கும். கிரேஹவுண்டுக்கும் குட்டிக்கும் இதில் எண் சற்று உயர்ந்தே இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

சிறுநீர்: விலை குறைவு, விஷயம் அதிகம்

ஜென்டாமைசின், அமிகாசின் என்றால் எங்கள் முதல் தேர்வு சிறுநீர்தான். பாதிப்பு நுண்குழாய்ச் சுவரில் தொடங்குவதால், அந்தச் சுவரைக் கழுவிக்கொண்டு வரும் சிறுநீரில்தான் முதல் தடயம் கிடைக்கும்.

பிடிப்பதற்கு எவர்சில்வர் கரண்டி போதும். ஆண் நாய் காலைத் தூக்கியதும் முதல் சில சொட்டை விட்டுவிட்டு நடுவில் பிடிக்க வேண்டும். பெட்டை குனிந்து உட்காருவதால் தட்டையான தட்டு வசதி. விடியற்காலை முதல் சிறுநீரே நல்லது. கரண்டியைப் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் கழுவியிருந்தால், சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்டிரிப்பில் சர்க்கரை பொய்யாகக் காட்டும். வெறும் தண்ணீரில் நன்றாக அலசிக் காயவைத்திருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை கட்டாயம்.

ஸ்டிரிப்பில் நாம் தேடுவது சர்க்கரைக் கட்டத்தை. நுண்குழாயின் முதல் பகுதி, வடிகட்டி வழியாக வந்த சர்க்கரையை ஒரு துளி விடாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் செல்கள் கெட்டால் சர்க்கரை சிறுநீரில் ஒழுகும். ஸ்டிரிப் நிறம் மாறியதும் ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் 180-க்குக் கீழே இருந்தும் சிறுநீரில் சர்க்கரை வந்தால், நுண்குழாய் அடிபட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கிரியாட்டினின் அப்போதும் அசையாமல் இருக்கக்கூடும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த குளிர்ந்த சிறுநீரில் ஸ்டிரிப்பை நனைத்தால் சர்க்கரை குறைத்துக் காட்டும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே நனைக்க வேண்டும். ஸ்டிரிப் டப்பாவின் மூடி திறந்தே கிடந்தால் ஈரம் ஏறி மொத்த டப்பாவும் வீண். அதே ஸ்டிரிப்பில் இருக்கும் அடர்த்திக் கட்டத்தையும் வெள்ளணுக் கட்டத்தையும் நாய்க்கு நம்பவே வேண்டாம்.

சிறுநீரின் அடர்த்தியை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கைக்கருவி வேண்டும். ஒரு முறை வாங்கினால் பல வருடம் ஓடும், ஒரு சொட்டு சிறுநீர் போதும். 1.030-க்கு மேல் இருந்தால் கிட்னி நீரைச் சுண்டவைக்கும் திறனோடு இருக்கிறது. 1.008 முதல் 1.012 வரை என்றால் கிட்னி அந்த நேரத்தில் சிறுநீரைச் சுண்டவும் வைக்கவில்லை, நீர்த்துப்போகவும் செய்யவில்லை. நீர் வற்றிய நாய்க்கு அப்படி வந்தால் ஆபத்து. ஆனால் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது இந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. ஃப்ரூஸமைடோ, பிரட்னிசலோன், டெக்ஸாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டோ கொடுத்திருந்தாலும் அப்படியே. எனவே டிரிப் ஊசி குத்துவதற்கு முன் ஒரு சொட்டு பிடித்துவிட வேண்டும். மதுரை வெயிலுக்கு இன்னொன்று: வெப்பநிலையைத் தானே சரிசெய்துகொள்ளும் கைக்கருவிகள் பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைக்கும்தான் அந்த வேலையைச் செய்யும். 37 டிகிரி அறையில் வைத்துப் படிப்பதானால், முதலில் அதே சூட்டில் உள்ள காய்ச்சி வடித்த நீரை வைத்து 1.000-க்குத் திருகிக்கொள்ள வேண்டும்.

மைக்ரோஸ்கோப் இருக்கும் கிளினிக்குக்கு அடுத்த படி வண்டல். 5 மி.லி. சிறுநீரைச் செண்ட்ரிஃப்யூஜில் 1500 சுற்றில் 5 நிமிடம் ஓட்டி, மேல் நீரைக் கொட்டி, அடியில் அரை மி.லி. விட்டு, விரலால் தட்டிக் கலக்கி, ஒரு சொட்டைச் சிலைடில் வைத்துக் கவர்சிலிப் மூட வேண்டும். கண்டென்சரை இறக்கி வெளிச்சத்தைக் குறைத்து, 10 எக்ஸ் லென்சில் கவர்சிலிப்பின் ஓரங்களைச் சுற்றி வர வேண்டும். காஸ்ட்கள் ஓரத்துக்கு ஒதுங்கும் பழக்கம் உள்ளவை. புட்டுக்குழலில் இருந்து தள்ளிய புட்டு எப்படிக் குழலின் வடிவத்திலேயே விழுகிறதோ, அப்படி நுண்குழாயின் வடிவத்தில் இறுகி உதிர்ந்து வருபவை இவை. இரு பக்கமும் இணைகோடாக, முனை மழுங்கி, உள்ளே பழுப்பு மணல் தூவிய மாதிரி இருந்தால் அது துகள் காஸ்ட். ஒரு பார்வைப் பரப்பில் ஒன்றுக்கு மேல் தொடர்ந்து தெரிந்தால், அல்லது நேற்று இல்லாமல் இன்று இருந்தால், அன்றைய ஊசியைப் போடும் முன் மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டும்.

காஸ்ட் எளிதில் உடையும். காரத்தன்மை ஏறிய சிறுநீரிலும், வெளியே வெறுமனே வைத்த சிறுநீரிலும் கரைந்துபோகும். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ காலை ஆறு மணிக்குப் பிடித்து, பஸ்ஸில் ஏற்றி, பத்து மணிக்கு நகரத்து லேபில் கொடுத்தால் "காஸ்ட் இல்லை" என்று வருவதில் வியப்பில்லை. அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். அதனால் இது லேபுக்கு அனுப்புகிற சோதனையாக அல்ல, ஊரிலேயே செய்கிற சோதனையாக இருந்தால்தான் பயன். பழகிய கண்ணுக்குப் பத்து நிமிட வேலை.

ஜி.ஜி.டி. விகிதம்: இன்னும் அதிகம் பயன்பட வேண்டியது

லிவர் சோதனையில் வரும் அதே ஜி.ஜி.டி. தான், ஆனால் இங்கே அளப்பது சிறுநீரில். நுண்குழாயின் முதல் பகுதிச் செல்களில் தூரிகை மாதிரி இருக்கும் ஓரத்தில் இந்த என்சைம் ஒட்டியிருக்கிறது. ரத்தத்தில் உள்ள ஜி.ஜி.டி. மூலக்கூறு பெரிது, வடிகட்டியைத் தாண்டி வராது. ஆகையால் சிறுநீரில் கூடுவது கிட்னியில் இருந்தே வருகிறது. ஜென்டாமைசினால் செல் உதிரத் தொடங்கினால், கிரியாட்டினின் ஏறுவதற்குச் சில நாள் முன்பே இது ஏறிவிடும். லிவர் சோதனை செய்கிற எந்த லேபிலும் இயந்திரமும் ரீஏஜெண்டும் இருக்கின்றன.

கணக்கு இப்படி. முதல் ஊசிக்கு முன் சிறுநீர் ஜி.ஜி.டி. 30 யூனிட், சிறுநீர் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 150 மி.கி., அதாவது லிட்டருக்கு 1.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 1.5-ஆல் வகுத்தால் 20. மூன்றாம் நாள் ஜி.ஜி.டி. 72, கிரியாட்டினின் 120 மி.கி.; 72-ஐ 1.2-ஆல் வகுத்தால் 60. மூன்று மடங்கு. முதல் எண்ணைப் போல் இரண்டு மடங்கானால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மடங்கானால் மருந்தை மாற்றும் பேச்சை எடுக்க வேண்டும். வெறும் ஜி.ஜி.டி. எண்ணை மட்டும் ஒப்பிட்டால் தவறிவிடும். அன்று நாய் அதிகத் தண்ணீர் குடித்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்கும். கிரியாட்டினினால் வகுப்பது அதைச் சமன்செய்யத்தான்.

பிசகும் இடங்கள் மூன்று. லேப் இயந்திரம் ரத்தத்துக்கு அமைந்தது. சிறுநீர் கிரியாட்டினினை நேரடியாக வைத்தால் அளவுக்கு மேல் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் 20 மடங்கு நீர்த்துப் பார்த்து, வந்த எண்ணை 20-ஆல் பெருக்கச் சொல்ல வேண்டும். பெருக்க மறந்தால் விகிதம் தலைகீழாகிவிடும். இரண்டாவது, சிறுநீரை ஐஸ் பிளாஸ்கில் குளிர்ச்சியாகக் கொண்டுபோகலாம், ஃப்ரீசரில் மட்டும் வைக்கக்கூடாது. உறைந்தால் என்சைமின் வேகம் போய்விடும். அன்றே அளந்துவிட வேண்டும். மூன்றாவது, இது தொடக்கத்தில் மட்டும் உதவும் சோதனை. செல்கள் உதிர்ந்து முடிந்த பிறகு உதிர்வதற்கு ஒன்றும் மிஞ்சாது, எண் தானாக இறங்கும். பத்தாம் நாள் முதல் முறையாக எடுத்து "குறைவாக இருக்கிறதே" என்று மகிழ்வதற்கில்லை.

வலி மாத்திரைக்கு இந்த விகிதம் அவ்வளவு கைகொடுக்காது. அதற்கான காரணம் முன்பே சொன்னதுதான்.

புரதம், புதிய குறியீடுகள்

சிறுநீர்ப் புரதத்தையும் கிரியாட்டினினையும் வகுக்கும் யு.பி.சி. 0.5-ஐத் தாண்டினால் புரத ஒழுகல். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் வந்துபோன நாய்களில் மருந்து தொடங்கும் முன்பே இது உயர்ந்திருப்பது சகஜம். சிறுநீர்ப்பையில் கிருமி இருந்தாலும் ஏறும். மருந்துக் கண்காணிப்புக்கு இது துணையே.

என்.ஜி.ஏ.எல்., கிம்-1, கிளஸ்டரின், சிஸ்டாட்டின் பி என்று செல் சேதத்தையே காட்டும் குறியீடுகள் ஆராய்ச்சியில் வலுவாக நிற்கின்றன. 2008-இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கிம்-1, கிளஸ்டரின் உட்பட 7 சிறுநீர்க் குறியீடுகளை எலிகளில் செய்யும் மருந்துப் பாதுகாப்புச் சோதனைகளுக்கு ஏற்றுக்கொண்டன. ஆனால் மனிதருக்கான கிட் நாயின் புரதத்தை அடையாளம் காணாமல் போகலாம். நாய்க்கென்றே செய்த கிட் வேண்டும். என்.ஜி.ஏ.எல். கர்ப்பப்பையில் சீழ் பிடித்தாலும், சிறுநீர்த் தொற்றிலும், வேறெங்கு வீக்கம் இருந்தாலும் ஏறும். ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவதே ஏற்கெனவே தொற்று இருப்பதால்தான். இன்றைக்கு மதுரையில் ஒரு நாய்க்காக முடிவெடுக்க இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஸ்கேன் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. கல், அடைப்பு, பழைய சுருங்கிய கிட்னி இருக்கிறதா என்று ஒதுக்கிப் பார்க்க மட்டும்.

எந்த நாய்க்கு எது?

பார்வோ என்ற வைரஸ் குடல் நோய் வந்த குட்டியிடம்தான் நம் பக்கத்தில் ஜென்டாமைசினும் அமிகாசினும் அதிகம் போகின்றன. ஆபத்தும் அங்கேதான் அதிகம். வாந்தியிலும் ரத்தப்போக்கிலும் வற்றிக்கிடக்கும் குட்டிக்கு, நீர் ஏற்றி நாக்கு ஈரமாகும் முன் இந்த ஊசியைத் தொடக்கூடாது. வேறு ஆன்டிபயாட்டிக் போதுமென்றால் அதுவே மேல். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் முதல் ஊசிக்கு முன் கிரியாட்டினின், ஸ்டிரிப், முடிந்தால் ஜி.ஜி.டி. விகிதம். பிறகு தினமும் ஸ்டிரிப்பும் வண்டலும், ஒன்றுவிட்டு ஒருநாள் விகிதம், மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிரியாட்டினின். டிரிப் ஓடுவதால் அடர்த்தி உதவாது. அதற்குப் பதிலாகக் காலையும் மாலையும் சமையலறைத் தராசில் எடை. இரண்டு கிலோக் குட்டி ஒரே நாளில் 100 கிராம் இழந்தால் உடலில் இருந்து 100 மி.லி. நீர் போயிருக்கிறது. ஃப்ரூஸமைடு கொடுத்தால் கிட்னியைக் கழுவிவிடும் என்ற எண்ணம் இங்கே கெடுதி. ஜென்டாமைசினின் நச்சை அது கூட்டும்.

மூட்டுத் தேய்மானத்துக்கு மெலோக்சிகாம் எடுக்கும் கிழ நாய்க்கு வேறு கணக்கு. தொடங்கும் முன் கிரியாட்டினின், யூரியா, அடர்த்தி, ஒரு முறை எஸ்.டி.எம்.ஏ.; 10 முதல் 14 நாளில் மறுபடி; அப்புறம் 3 மாதத்துக்கு ஒரு முறை. வாந்தியோ பேதியோ தொடங்கிய நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எந்தச் சோதனையையும்விட இந்த ஒரு பழக்கம் அதிகக் கிட்னிகளைக் காப்பாற்றும்.

உண்ணிக் காய்ச்சல் நாய்க்கு முதல் நாள் எண்களே கோணலாக இருக்கும். உண்ணிக் காய்ச்சலில் ஒரு வகையான பேபீசியாவில் ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், அந்த நிறமியே நுண்குழாயை அடைக்கும். இமிடோகார்ப் போடும் முன் கிரியாட்டினினும் வண்டலும் எடுத்து வைத்தால்தான் பிறகு பழியை மருந்தின் மேல் போடுவதா நோயின் மேல் போடுவதா என்று பிரிக்க முடியும்.

வீட்டு மாத்திரையை விழுங்கிய நாய்க்கு ஆரம்ப அறிகுறி தேடி நேரம் கடத்தக் கூடாது. 3 கிலோ பொமரேனியன் ஒரு 400 மி.கி. ஐபுப்ரோஃபென் மாத்திரையை விழுங்கினால் கிலோவுக்கு 133 மி.கி.; வயிற்றைப் புண்ணாக்கும் அளவைத் தாண்டிவிட்டது. கிட்னியைச் சாய்க்கும் 175 மி.கி.க்கு இன்னும் அரை மாத்திரைகூடத் தேவையில்லை. உடனே மருத்துவரிடம் தூக்கிப்போக வேண்டும். அவர் டிரிப் குத்தும் முன் ஒரு ரத்தம், பிறகு 24, 48, 72 மணி நேரத்தில் கிரியாட்டினின்.

இடையில் ஒன்று. மருந்து ஓடும் நாட்களில் புளிசாதம், ரசம், திராட்சை, உலர்திராட்சை எதையும் போடாதீர்கள். திராட்சையிலும் புளியிலும் இருக்கும் டார்டாரிக் அமிலம் நாயின் கிட்னிக்கு ஆகாது என்று கால்நடை நச்சியல் நிபுணர்கள் சில ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இளநீரும் வேண்டாம். சிறுநீர் குறைந்த நாய்க்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தைத் தாக்கும். கிலோவுக்கு மணிக்கு 1 மி.லி.க்குக் குறைவாகச் சிறுநீர் வந்தால், 15 கிலோ நாய்க்கு ஆறு மணி நேரத்தில் 90 மி.லி. கூட வரவில்லை என்றால், அது குறைவுதான்.

கடைசி ஊசி போட்டதோடு கண்காணிப்பை முடித்துவிடுவதுதான் பரவலான பிழை. ஜென்டாமைசின் நுண்குழாய்ச் செல்களில் நாள்கணக்கில் தங்கும். ஊசி நின்ற பிறகும் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகலாம். நிறுத்திய மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஒரு கிரியாட்டினின், டிரிப் இல்லாத காலையில் ஒரு அடர்த்தி. கிரியாட்டினின் முதல் எண்ணுக்குத் திரும்பி அடர்த்தி 1.030-ஐத் தாண்டினால் விட்டுவிடலாம். கிரியாட்டினின் சரியாகி அடர்த்தி மட்டும் 1.015-இல் நின்றால், இரண்டு வாரம் கழித்து அதே லேபில், அதே வெறும் வயிற்றில், இன்னொரு முறை.